சீட்டக்கா தைத்த பட்டைகள்

“நாப்பத்தேழு… நாப்பத்தெட்டு… சும்மா இருடா, உன்னை ஒண்ணும் பண்ணல. உன் வீட்ல குடிவந்தவங்களைத்தான் காலி பண்றேன். நாப்பத்தொன்பது.”

பட்டறைக்குப் பின்புறம், கழற்றிப் போட்ட பேருந்து இருக்கைகளின் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே, ஒரு பழுப்பு நாயின் முதுகின்மேல் இடது முழங்காலை வைத்து உட்கார்ந்திருக்கிறார் சீட்டக்கா. பாரம் நாயின் மேல் விழாமல் வலது காலில் நிற்கிறது. நாயின் வாய் பழைய துணிப்பட்டையால் கட்டியிருக்கிறது. அதன் காதுக்குப் பின்னால் புட்டி மூடி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டைக்குள் ஏதோ கொதிப்பதுபோல் தெரிகிறது. அருகே போனால்தான் அது கொதிப்பு அல்ல, நெரிசல் என்று புரியும். வெள்ளைப் புழுக்கள், தலையைச் சதைக்குள் புதைத்துக்கொண்டு, வாலை மட்டும் வெளியே நீட்டி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. அவர் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து, பினாயில் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போடுகிறார். போடும்போது எண்ணுகிறார்.

ஏன் எண்ண வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். “எண்ணலைன்னா போதும்னு தோணிரும், டீச்சர். நாத்தம் அடிக்குது, கால் மரத்துப் போகுது, பட்டறை திறக்கிற நேரம் ஆச்சு, போதும்னு மனசு சொல்லும். எண்ணிட்டிருந்தா அடுத்த நம்பர் எங்கேன்னு கை தேடும்.” நூற்றெண்பதுக்குக் குறைந்து அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. அதிகபட்சம் எழுநூற்றுச் சொச்சம். அந்த நாய் பிழைத்தது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். இந்தத் தெருவில் யாருக்கும் அது தெரியாது. லாரி, வேன், பைக் இருக்கைகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் இருபத்திரண்டு வருடங்களாகத் தைக்கிறார். அதனால் சீட்டக்கா. தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் இவர் சீட்டு நடத்துகிறார் என்று நினைத்து, குழுவில் சேர இடம் இருக்கிறதா என்று மெல்ல விசாரிப்பார்கள். “இருக்கு. ரெக்சின் சீட்டு. உக்காந்தா பத்து வருஷம் எழுந்திருக்க மாட்டீங்க” என்பார், முகத்தில் ஒரு கோடு அசையாமல்.

பட்டறைக்கு மேல் மாடியில் நான் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறேன். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் பட்டறையின் பின்புறம் முழுக்கத் தெரியும். காலையில் நான் டீ போடுகிற நேரமும் அவர் நாயைப் பிடிக்கிற நேரமும் ஒன்று. பட்டறை முதலாளி அவருக்கு ஒரு விதிதான் வைத்திருக்கிறார். ஒன்பதரைக்குள் எல்லாம் முடிந்து, கழுவி, மருந்து தெளித்து, நாயும் நாற்றமும் போய்விட வேண்டும். “லாரிக்காரன் சீட்டு மாத்த வருவானா, மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுவானா?” என்று வாரம் ஒருமுறை சத்தம் போடுவார். சத்தம் போட்டுவிட்டு, வெட்டுப்பட்டு மிஞ்சிய ஸ்பாஞ்சுத் துண்டுகளை நாய்க்குப் படுக்கையாகப் போடச் சொல்லி அவரே தூக்கிவந்து தருவார்.

ஐம்பத்திரண்டு வயது. மூக்குக்கண்ணாடியை எலாஸ்டிக் நாடாவால் தலையோடு கட்டியிருப்பார். கோணி ஊசியை உதட்டோரத்தில் கவ்வியபடியே பேசுவார். கேட்பவர் கண், எந்த நொடியில் விழுங்கிவிடுவாரோ என்று, அந்த ஊசியிலேயே இருக்கும். வலது கட்டைவிரல் நுனியில் ஊசி தள்ளித் தள்ளித் தோல் தடித்துக் கொம்புபோல் ஆகியிருக்கிறது. நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். புழு எடுத்த நாட்களில் கையை நான்குமுறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, அப்புறமும் ஸ்பூனில்தான் சாப்பிடுவார். இவ்வளவு கைத்துணிச்சல் உள்ளவர் கரப்பான்பூச்சியைக் கண்டால் தையல் மெஷின்மேல் ஏறி நின்றுவிடுவார். “அது பறக்கும் டீச்சர். புழு பறக்குமா?” என்பது அவர் வாதம். புழுவும் ஒருநாள் பறக்கத்தான் போகிறது என்று என் பாடப்புத்தகம் சொல்லும். நான் சொல்லவில்லை.

அவர் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனிதர். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் டிரம்மை மட்டும் ஒருநாள் விடாமல் நிரப்பிவைத்துவிட்டுப் போவார். “மத்தவன் பொண்டாட்டி பக்கத்துல வந்தா பவுடர் வாசம் வரும். நம்ம வீட்ல புண்ணு மருந்து வாசம்” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

இதெல்லாம் எட்டு வருடங்களுக்கு முன் ஒரு மதிய நேரத்தில் தொடங்கியது. பழைய இருக்கைகளின் குவியலிலிருந்து நாற்றம் வர, எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டிருக்கிறார். அடியில் ஒரு பெட்டை நாய், உயிரோடு. முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண், அது நிறையப் புழு. பக்கத்து மெக்கானிக் கையில் கேனோடு வந்து, “ரெண்டு சொட்டு பெட்ரோல் விட்டா மொத்தமும் செத்துரும், ஊத்தட்டுமா?” என்று கேட்டார். சீட்டக்காதான் “ஊத்துங்க” என்று சொன்னார். நாய் போட்ட கூச்சலைப் பற்றிச் சொல்லும்போது சீட்டக்கா காதைப் பொத்திக்கொள்ளமாட்டார், குரல் தழுதழுக்கமாட்டார். வாயிலிருக்கும் ஊசியை மட்டும் வெளியே எடுத்துவிடுவார். மறுநாள் நாயைத் தேடிப் பிடித்து, கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார். அங்கிருந்த டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். முடியை வெட்டு. மருந்தைத் தெளித்துவிட்டுக் காத்திரு. புழு மூச்சு முட்டித் தானாக மேலே வரும். அப்போது எடு. கழுவு. உள்ளே இன்னொரு பொந்து இருக்கிறதா என்று பார். நாளைக்கும் பார். நாளன்றைக்கும் பார்.

“அதுக்கு மூக்கு பின்னாடி இருக்கு, தெரியுமா உங்களுக்கு?” என்று அவர் கேட்டபோது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஈயின் வாழ்க்கைச் சுழற்சியைப் பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் வட்டமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ. புழு எதை வைத்து மூச்சுவிடுகிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. “தலையை உள்ள விட்டுத் தின்னுட்டே இருக்கும், பின்பக்கத்தால மூச்சு விட்டுக்கும். வாயை எடுக்கவே வேண்டியதில்ல அதுக்கு. பச்சையா மின்னுற ஈ முட்டை வச்சா மறுநாளே பொரிஞ்சுரும். அஞ்சாறு நாள் தின்னு கொழுத்துட்டு தானா கீழ விழுந்து மண்ணுக்குள்ள போயிரும். நாயும் அதுக்குள்ள மண்ணுக்குள்ள போயிரும்.” இதைச் சொல்லிவிட்டு, தைத்துக்கொண்டிருந்த உறையின் மூலையை இழுத்துப் பார்த்தார். “போர்டுல நீங்க போடுற வட்டம் எனக்கும் தெரியும் டீச்சர். நான் நடுவுல புகுந்து வெட்டுறேன், அவ்வளவுதான்.”

போன வருடம் பட்டறைக்கு முன்னால் போகும் சாலையை அகலப்படுத்தினார்கள். வண்டிகள் பறக்க ஆரம்பித்தன. ஒரே மாதத்தில் மூன்று நாய்கள் அடிபட்டுச் செத்தன. மூன்றும் சீட்டக்கா ஏதோ ஒரு சமயத்தில் புழு எடுத்துப் பிழைக்கவைத்தவை. அவற்றில் ஒன்று, சாலைக்கு நடுவில் கிடந்ததை அவரே வாரி எடுத்தார். அன்று மாலை அவர் வீட்டுக்குப் போகவில்லை. லாரியின் பின்புறம் ஒட்டுகிற, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையை ரெக்சின்மேல் வைத்து, நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு, பழைய பள்ளிப் பைகளிலிருந்து எடுத்த கொக்கிகளை மாட்டி, நாய்களுக்குக் கழுத்துப்பட்டை தைத்தார். ஒரு வாரத்தில் இருபத்தேழு.

தெருவே அழகாகிவிட்டது. இருட்டும் நேரத்தில் வண்டி விளக்கு பட்டதும் சாலையோரத்தில் வெள்ளி வளையங்கள் மிதந்து போகும். வண்டிகளின் வேகம் குறைந்தது. ஓர் உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து வந்து படம் எடுத்துப் போட்டார்கள். நான் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வகுப்பில் ஒட்டினேன். பிள்ளைகளை வரிசையாகப் பட்டறைக்குக் கூட்டிவந்து கைதட்ட வைத்தேன். சீட்டக்கா கைதட்டல் முடியும்வரை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மெஷின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் பள்ளி வளாகத்தில் அப்போது நான்கு குட்டிகள் இருந்தன. இரண்டரை மாதக் குட்டிகள். “இதுங்களுக்கும் போட்டுருங்கக்கா. இதுங்கதான் குறுக்க ஓடுது” என்று கேட்டது நான். குட்டிகளுக்கு வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். “வளர்ற கழுத்து டீச்சர்.” நான் விடவில்லை. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்றேன், கொக்கியில் துளை இருக்கிறதே, தளர்த்தினால் போயிற்று என்றேன். கடைசியில் சின்னதாக நான்கு தைத்து, நிறையத் துளை போட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் குட்டிகளைப் பிடித்துக்கொள்ள, அவரே கட்டிவிட்டார்.

அடுத்த மாதம் அவர் மகளுக்குப் பிரசவம். மகள் வெளியூரில் இருக்கிறாள். சிக்கலான பிரசவம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆள் வேண்டும். இவர் கிளம்பினார். கிளம்பும்போது மாடிப்படி ஏறிவந்து, வாசலிலேயே நின்று என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “பெரிய நாய்ங்களைப் பத்தி கவலையில்ல. அந்த நாலு குட்டிங்க கழுத்தை மட்டும் பாத்துக்குங்க டீச்சர். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு துளை தள்ளி மாட்டணும்.”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க” என்றேன்.

முதல்முறை தள்ளி மாட்டினேன். இரண்டாவது முறை மூன்று குட்டிகள்தான் அகப்பட்டன. அவற்றுக்கு மாட்டினேன். அப்புறம் தேர்வு வந்தது, விடைத்தாள் வந்தது, விடுமுறை வந்தது. நான் என் தம்பி வீட்டுக்குப் போனேன். குட்டிகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் போயின. எங்கேயாவது ஒரு வெள்ளி வளையம் தூரத்தில் மின்னினால், நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

சீட்டக்கா ஐந்து மாதம் கழித்துத் திரும்பினார். பிள்ளையைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிக் கட்டைவிரல் கொஞ்சம் மென்மையாகியிருந்தது. “ஊசி பிடிக்கக் கூசுது” என்று சிரித்தார். மூன்றாம் நாள் காலை, பின்புறத்திலிருந்து அவர் குரல் கேட்டது. “டீச்சர், கொஞ்சம் வந்து லைட் அடிக்கிறீங்களா? இது தொண்டையாட்டம் இருக்கு.”

செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு குந்தினேன். காதில் பழுப்புத் திட்டு வைத்த வெள்ளைப் பெட்டை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தது. வாயைக் கட்டவேண்டிய அவசியமே இல்லை, அது எதிர்க்கவில்லை. கழுத்தின் கீழே முடி பிசுபிசுத்துக் கிடந்தது. அவர் வெட்டினார், தெளித்தார், காத்திருந்தார், எடுக்க ஆரம்பித்தார். நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினார். நூற்றுப் பதின்மூன்றாவதுக்காக இடுக்கியை உள்ளே விட்டபோது அது எதிலோ தட்டியது. எலும்பு அல்ல. எலும்பு இருக்கும் இடமும் அல்ல. நுனியால் பற்றி மெல்ல இழுத்தார். சீழுக்கு நடுவில், என் விளக்கு பட்டு, வெள்ளியாக ஏதோ மின்னியது.

எண்ணுவதை அவர் நிறுத்தி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

பட்டை கழுத்தைச் சுற்றி முழுவதும் சதைக்குள் இறங்கியிருந்தது. பிடரியில் தோல் அதற்கு மேலே மூடி வளர்ந்து, முடியும் முளைத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே தெரியாது. தொண்டைப் பக்கம் மட்டும் வாய் பிளந்து, அதன் வழியாக ஈ முட்டை வைத்திருந்தது.

“என் தையல்” என்றார்.

இடுக்கியை டப்பாவின் விளிம்பில் வைத்தார். அப்புறம், “டீச்சர், பட்டறைக்குள்ள மேஜை மேல பிளேடு இருக்கும். எடுத்துட்டு வாங்க.”

நைலான் நூலில் பிளேடு வழுக்கியது. மூன்று இடத்தில் வெட்டித் துண்டு துண்டாகத்தான் உருவ முடிந்தது. நாய் ஒருமுறை முனகியது. “லாரி டிரைவர் வருஷக்கணக்கா உக்காந்தாலும் பிரியாத மாதிரி தைப்பேன். இதுக்கும் அப்படியே தைச்சுத் தொலைச்சிருக்கேன், பாருங்க” என்றார், நாயைப் பார்த்தே.

நான் சொன்னேன். “நான்தான் மறந்துட்டேங்கா. பாத்துக்கிறேன்னு சொன்னேன். பாக்கல.”

அவர் நிமிரவில்லை. கையிலிருந்த பஞ்சு வேலையை விடவில்லை. “நீங்க மறப்பீங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும், டீச்சர். கட்டினது நான். லைட்டை இந்தப் பக்கம் திருப்புங்க.”

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பாரம் இறங்கியிருக்கும்.

அன்றிலிருந்து வேட்டை ஆரம்பித்தது. குட்டிகள் மட்டுமல்ல, இருபத்தேழு பெரிய நாய்களின் பட்டைகளையும் கழற்றிவிட முடிவு செய்தார். விடிந்ததும் வீட்டுக்காரரின் தண்ணீர் லாரியில் ஏறிக்கொள்வார். லாரி எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் இறங்கி, ரொட்டித் துண்டை நீட்டிக் கூப்பிடுவார். பள்ளி விட்டதும் நானும் சேர்ந்துகொண்டேன். அவர் வரச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. தினம் எனக்காக ஒரு ஜோடி கையுறை கூடுதலாக எடுத்துவந்தார்.

பெரிய நாய்களின் கழுத்தில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. ஜனங்களுக்குத்தான் புரியவில்லை. “நல்லா இருந்துச்சேம்மா, ஏன் கழட்டுறீங்க?” என்றார்கள். ஒரு மளிகைக் கடைக்காரர், “போட்டதும் நீங்க, கழட்டுறதும் நீங்களா? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று கேட்டார். “இல்லீங்க” என்று சொல்லிவிட்டுக் கழற்றினார். மகள் தொலைபேசியில் அழுதாள். “அம்மா, நீ மறுபடியும் அதுல கையை விட்டுட்டு வந்து என் பிள்ளையைத் தூக்காதே.” “தூக்கலம்மா” என்றார். அதோடு சரி. சமாதானம் சொல்ல அவருக்கு அப்போது நேரமில்லை.

வெள்ளைப் பெட்டை மெல்லத் தேறியது. இரண்டாவது குட்டியைப் பற்றித் தெரிந்தது எங்கள் பள்ளி வாட்ச்மேனிடமிருந்து. அந்தக் குட்டி அவர் நாற்காலிக்கு அடியிலேயே படுத்து வளர்ந்து, இப்போது தடித்த நாயாக வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கழுத்தில் பட்டை இல்லை. சீட்டக்காவைப் பார்த்ததும் வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து, தப்பு செய்தவர்போல் கையைப் பிசைந்தார். “மன்னிச்சுக்கம்மா. ரெண்டாம் மாசமே அறுத்துட்டேன். நல்ல பெல்ட்டுதான், வீணாக்கக் கூடாதுன்னு பாத்தேன். குட்டி சாப்பிடுறப்ப இருமுச்சு. அதான்.”

சீட்டக்கா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தலையை ஆட்டினார். அந்தக் கேட்டைக் கடந்துதான் நான் தினம் இரண்டுமுறை போய்வருகிறேன்.

மூன்றாவது ஒரு மரக்கடையில் கிடைத்தது. அறுத்த பலகைகளுக்கு அடியில், வெளிச்சம் படாத மூலையில் புகுந்து கிடந்தது. புழு வைத்த நாய் இருட்டைத் தேடும். ஈ மொய்ப்பது தாங்காமல்தான் அப்படிப் போகிறது என்று சீட்டக்கா சொல்வார். டாக்டர் மயக்கமருந்து கொடுத்து, இரண்டு மணி நேரம் எடுத்து, பட்டையை உருவினார். நாய் பிழைத்துவிட்டது. இப்போதும் மரக்கடையில் இருக்கிறது. யாராவது வந்தால் எழுந்து நின்று குரைக்கிறது. வாய் திறந்து மூடுகிறது, விலா ஏறி இறங்குகிறது, சத்தம் மட்டும் வருவதில்லை. கடைக்காரர் அதற்காக அதை விரட்டவில்லை.

நான்காவது கறுப்புக் குட்டி. முன்காலில் ஒரு விரல் மட்டும் வெள்ளை. இரண்டாவது முறை நான் துளை தள்ளும்போது அகப்படாமல் ஓடியது அதுதான். பதினோரு நாள் தேடினோம். சாக்கடை ஓரம், பெட்ரோல் பங்க், மூடிக் கிடந்த தொழிற்சாலை, பேருந்துகள் நிற்கும் மைதானம். பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டோம். பார்த்ததாகச் சொன்னவர்கள் எல்லாரும் வேறு வேறு கறுப்பு நாயைக் காட்டினார்கள். ஒன்பதாம் நாள் வீட்டுக்காரர், “விட்டுடலாமே. எங்கேயோ போயிருக்கும்” என்றார். சீட்டக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் லாரியைக் கிளப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். வெயில் மண்டையைப் பிளந்தது. பாதி கட்டி நிறுத்தியிருந்த ஒரு பாலத்துக்கு அடியில் பெரிய சிமெண்டுக் குழாய்கள் கிடந்தன. சீட்டக்கா ஒரு குழாயின் முன் நின்றார். எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான்கு கால் போட்டு உள்ளே போனார். உள்ளேயிருந்து அவர் குரல், குழாயில் எதிரொலித்து, பெரிதாகக் கேட்டது. “இருக்கு டீச்சர். உயிர் இருக்கு. வாலை ஆட்டுது.”

வெளியே இழுத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் திருப்பிப் பார்த்தேன். பார்க்கத்தான் வேண்டும் என்று தோன்றியது. தாடைக்குக் கீழேயிருந்து மார்புவரை சதை என்று எதுவும் ஒழுங்காக இல்லை. ஈக்கள் எங்களோடேயே லாரிக்குள் ஏறின. போகிற வழியெல்லாம் அது சீட்டக்காவின் மடியில் கிடந்தது. அவர் புழு எதையும் எடுக்கவில்லை. முந்தானையால் ஈயை மட்டும் ஓட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் விடுமுறையில் இருந்தவர், வீட்டிலிருந்து வந்தார். கழுத்தை விலக்கிப் பார்த்தார். மூச்சுக்குழாய்வரை போயிருக்கிறது என்றார்.

“பட்டையை எடுத்துட்டா?” என்று கேட்டார் சீட்டக்கா.

“இப்ப அதுதான் ரத்தத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. எடுத்தா நிக்காது.”

“கொஞ்சம் கொஞ்சமா, நாளைக்குக் கொஞ்சம், நாளன்னைக்குக் கொஞ்சம்…”

டாக்டர் அவரை எட்டு வருடமாக அறிந்தவர். “எத்தனை நாய் பாத்திருக்கீங்க நீங்க” என்றார் தாழ்ந்த குரலில். “உங்களுக்கே தெரியுமேம்மா. இதுக்கு மேல வச்சிருந்தா அது நம்ம மனசுக்காகத்தான்.”

சீட்டக்கா நாயின் நெற்றியில் கை வைத்தார். “சரி” என்றார். ஊசி போட்டபோது வாலின் நுனி ஒருமுறை தரையில் தட்டியது. எனக்கு அழுகை வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “தூக்குங்க” என்றார்.

அவர் இப்போதும் புழு எடுக்கிறார், எண்ணுகிறார், ஒன்பதரைக்குள் முடித்துவிட்டு லாரி இருக்கைக்கு உறை தைக்கிறார். பட்டை தைப்பதில்லை. சாலையில் நாய்கள் மறுபடியும் அடிபடுகின்றன. ஒவ்வொரு முறையும் அவர் பட்டறை வாசல்வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போகிறார். இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றி எழுதட்டுமா என்று நான் கேட்டபோது, “நீங்க மறந்ததையும் எழுதுவீங்கன்னா எழுதுங்க. நான் கட்டினதை மறைக்காதீங்க” என்றார்.

கறுப்புக் குட்டியைத் தூக்கிவந்த அன்று பட்டறைக்குப் பின்னால் அவர் வீட்டுக்காரர் கடப்பாரையால் குழி தோண்டினார். முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் வந்து நின்றார். இறுகிய மண், தோண்ட நேரமாயிற்று. கறுப்புக் குட்டியைக் கோணியோடு இறக்கி வைத்தோம். வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுத்து முதல் மண்ணை அள்ளியபோது, சீட்டக்கா கை நீட்டி நிறுத்தினார். முதலாளியிடம் பிளேடு கேட்டார். அவர் உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார்.

“இனிமே எதுக்கு? விடு, போகட்டும்” என்றார் வீட்டுக்காரர்.

சீட்டக்கா சேலையைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். இரண்டு பேர் நிற்க இடமில்லாத குழி. ஒரு பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து, கோணியை விலக்கி, குட்டியின் தலையைத் தன் பாதத்தின்மேல் தூக்கி வைத்துக்கொண்டார். பிடரியில் தோல் மூடியிருந்த இடத்தை விரலால் தேடிப் பிடித்தார். வெட்டினார். வழுக்கியது, மறுபடி வெட்டினார். மூன்று துண்டாக உருவி எடுத்து எங்கள் பக்கம் மண்ணில் போட்டார். அப்புறம் கையுறையைக் கழற்றினார். வெறும் கட்டைவிரலால், பட்டை அழுத்திப் படிந்து கிடந்த கழுத்து முடியைச் சுற்றிலும், ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்து மறுபக்கம்வரை, மெதுவாக நிமிர்த்திவிட்டார்.